ஒரு கோடியில் ஒன்று

சித்தியின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரே ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. சிஏ 125. இயல்பின் வரம்பு 35, சித்திக்கு அதைவிட அதிகம். டாக்டர் யாரும் எழுதிக்கொடுத்து எடுத்ததில்லை. தள்ளுபடி விலையில் கிடைத்த முழு உடல் பரிசோதனையில் அதுவும் சேர்ந்து வந்திருந்தது. கூகுளில் தட்டியதும் 'சினைப்பைப் புற்றுநோய்' என்று வந்தது. அடுத்த இரண்டு மாதம் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் பஸ்ஸில் அலைச்சல், ஸ்கேன் மேல் ஸ்கேன். கடைசியில் கர்ப்பப்பையில் சாதாரண நார்க்கட்டி, புற்று இல்லை என்றார்கள். நார்க்கட்டி இருந்தாலும் அந்த எண் ஏறுமாம். நகைக்கடன் மட்டும் மிச்சம்.

"இல்லாத நோய்க்கு எதுக்குடா இத்தனை நாள் செத்துப் பொழைச்சேன்?" என்று சித்தி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் ஒளியை வைத்து ரத்தத்தில் புற்றுநோய் தேடும் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். நம் செல்கள் எக்சோசோம் எனும் நுண்பைகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். புற்றுச்செல்லும் விடும், தன் புரதத்தையும் கொழுப்பையும் அதில் கட்டி அனுப்பும். அந்தப் பையின் மேல் லேசர் பட்டால் சிதறும் ஒளி பெரும்பாலும் அதே நிறத்தில் திரும்பும். தோராயமாக ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று மட்டும் நிறம் மாறி வரும். எந்த மூலக்கூறின் மேல் பட்டது என்பதை அந்த மாற்றம் சொல்லிவிடும்.

இதுதான் ராமன் விளைவு. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமன் கண்டது. கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் நம்ம பக்கம்தான்: வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அந்த மெல்லிய ஒளியைப் பல மடங்கு பெருக்க இன்று தங்க, வெள்ளி நுண்துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். கிடைக்கும் கோடுகளைப் படித்து 'உண்டு', 'இல்லை' என்று பிரிப்பது பெரும்பாலும் மென்பொருள்.

அங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. எந்த வகைப்படுத்தும் நிரலிலும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் 'உண்டு'. ஒரு கணக்கு போடுவோம். ஒரு லட்சம் பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது. நம் கருவி இரு பக்கமும் 99 சதவீதம் சரி. நோயுள்ளவர்களில் 99 பேரைப் பிடித்துவிடும். நோயில்லாத 99,900 பேரில் 999 பேரையும் பிடிக்கும். ஆக, 'உண்டு' என்ற தாளோடு வீட்டுக்குப் போகும் 11 பேரில் ஒருவருக்குத்தான் நோய். மற்ற பத்துப் பேரும் என் சித்தி. கோட்டை மேலே ஏற்றினால் அவர்கள் தப்பிப்பார்கள். ஆனால் அந்த 99 பேரில் சிலர் கைவிட்டுப் போவார்கள்.

அப்போ தேடவே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பாவுக்குக் கணையப் புற்று என்று தெரிந்தபோது டாக்டரால் நாள்தான் எண்ண முடிந்தது. ஒரு துளி ரத்தம் முன்னாடியே சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் முன்னாடியே தெரிவதும் பிழைப்பதும் ஒன்றல்ல. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் இதே சிஏ 125 பரிசோதனை. 2021இல் முடிவு வந்தது: சினைப்பைப் புற்றை முன்னதாகக் கண்டுபிடிக்க முடிந்தது, சாவு குறையவில்லை.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் முகாம்கள் சுற்று வட்டாரக் கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும். புரை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அனுப்ப மாட்டார்கள். பஸ்ஸில் கூட்டிப்போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கண்புரையும் புற்றும் ஒன்றல்லதான். புரைக்கு நிச்சயமான வைத்தியம் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: ஒருவரிடம் 'உனக்கு இருக்கலாம்' என்று சொல்வது வெறும் தகவல் இல்லை, ஒரு செயல். சொன்னவருக்கு அடுத்த படி வரை பொறுப்பு உண்டு. தாளை மட்டும் விற்பவர் ஆதாயத்தைத் தான் வைத்துக்கொண்டு அலைச்சலை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்.

ஆகவே கோடு எங்கே என்பது கணிதக் கேள்வி மட்டும் அல்ல. யாருடைய பயத்தை யாருடைய உயிருக்கு ஈடாக வைக்கிறோம் என்ற கேள்வி. என்னைப் போல ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவன் தனியாக அதற்கு எண் போடக்கூடாது. பஸ்ஸில் அலையப் போகிறவர்களும் அந்த மேஜையில் இருக்க வேண்டும்.

"புதுசா ஒரு டெஸ்ட் வந்தா எடுப்பீங்களா சித்தி?" என்று கேட்டேன். "எடுப்பேன்டா. உங்க பெரியப்பாவ நான் பாத்தேன்ல. ஆனா அன்னைக்கு நீ கூட வரணும்" என்றாள். கட்டியைத் திரும்பப் பார்க்க அடுத்த மாதம் ஒரு ஸ்கேன் இருக்கிறது. லீவு போட்டிருக்கிறேன்.