பிள்ளைகளின் நடைக்கேற்ப



ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் சொல்லப்படும் ஒரு சிறு சம்பவத்தை இன்று தியானிப்போம். நெடுங்காலம் பகையால் பிரிந்திருந்த சகோதரர் இருவர், யாக்கோபும் எசாயூவும், வழியில் சந்தித்துக் கட்டித் தழுவிக் கண்ணீர் விடுகிறார்கள். எசாயூவுடன் 400 ஆட்கள் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தே பயணம் போகலாம் என்று அவர் அழைக்கிறார். யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். தம் பிள்ளைகள் இளம் பருவத்தினர். தம் ஆடுமாடுகளோ குட்டியும் கன்றும் உள்ளவை. ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும். ஆகையால் அண்ணன் முன்னே செல்லட்டும், தாம் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி மெல்ல வருவதாகச் சொல்கிறார்.

பிள்ளைகளின் நடைக்கு ஏற்றபடி! குடும்பத் தலைவன் ஒருவன் சொல்லத்தக்க வார்த்தைகளில் இதைவிட அழகானது எது? இதன் பொருளை விளங்கிக்கொள்ள, அமெரிக்காவில் சிக்காகோ நகரின் மேற்குப் புறநகர்களில் உள்ள ஒரு பாதையைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். அதற்கு இல்லினாய்ஸ் பிரெய்ரி பாதை என்று பெயர். நீளம் ஏறத்தாழ 60 மைல். கார்களுக்கும் லாரிகளுக்கும் அங்கே இடமில்லை. நடப்போர், ஓடுவோர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாய்மார், சைக்கிளில் செல்வோர் ஆகிய எல்லாருக்கும் அது பொதுவழி. எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் சைக்கிள் ஏறி, வில்லா பார்க், லொம்பார்ட், க்ளென் எலின் ஆகிய ஊர்களைக் கடந்து வீட்டன் வரை போகிறவன், நிதானமாக மிதித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்வான். மூச்சு வாங்காது, கால் கடுக்காது. சிறு பிள்ளையும் போகலாம், கிழவரும் போகலாம்.

இத்தனை இலகுவாக அந்தப் பாதை அமைந்தது எப்படி? ஒரு காலத்தில் அது இருப்புப்பாதை. 1902-ஆம் ஆண்டில் அங்கே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. செங்குத்தான மேட்டில் ரயில் எளிதில் ஏறாது. ஆகையால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, தரையைச் சமப்படுத்தினார்கள். அந்தத் தொழிலாளிகளின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் சிந்திய வியர்வையால் இன்று ஒரு குழந்தை சிரமமின்றிச் சைக்கிள் மிதிக்கிறது. பள்ளங்கள் நிரப்பப்பட்டு மலைகள் தாழ்த்தப்பட வேண்டும் என்று இசையாஸ் தீர்க்கதரிசி முழங்கியது நினைவுக்கு வரவில்லையா? நம் விசுவாசப் பாதையும் நாம் வெட்டியதன்று. நமக்கு முன்னே எத்தனையோ பாட்டிமார், உபதேசியார்கள், கன்னியர்கள் அதைச் சமப்படுத்தி வைத்துப் போயிருக்கிறார்கள்.

அந்த ரயிலின் முடிவு துக்ககரமானது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் காலையில் ஜனங்கள் வழக்கம்போல ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள். நண்பகல் வேளையில் பிரயாணிகள் ரயில் திடீரென்று நிறுத்தப்பட்டது. காலையில் அழைத்துச் சென்ற ரயில் மாலையில் வீடு கொண்டு சேர்க்க வரவில்லை. வேகமாய் ஓடிய வண்டி, நம்பியிருந்தவர்களை நடுவழியில் விட்டுவிட்டது. சில ஆண்டுகளில் தண்டவாளமும் போயிற்று. மீந்தது புதர் மண்டிய வெறும் நிலம்.

அப்போது மே தீல்கார்ட் வாட்ஸ் என்னும் பெண்மணி ஒருவர் சிக்காகோ ட்ரிப்யூன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். செடிகொடிகளின் வரலாற்றைப் பலருக்கும் கற்பித்தவர்; அப்போது அவருக்கு வயது 70. அவர் கடிதம் 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வெளிவந்தது. பாழாய்க் கிடந்த அந்த நிலத்தை மனிதர் காலால் நடந்து செல்லும் பாதையாக்கலாமே என்பதே அதன் சாரம். அயலார் கூடினர், ஊதியமின்றி உழைத்தனர், பாதை பிறந்தது. முதுமையில் தம்மால் இனி ஒன்றும் ஆகாது என்று சோர்ந்திருக்கும் பெரியோர்களே, இதைக் கவனியுங்கள்! பயனற்றது என்று மனிதர் கைவிட்டதைச் சர்வேசுரன் ஒருபோதும் குப்பை என்று தள்ளுவதில்லை.

இனி, இத்தகைய பொதுப்பாதைகளில் வழங்கும் ஒழுங்கைக் கேளுங்கள். எல்லாரும் வலப்பக்கமாகச் செல்ல வேண்டும். முந்துகிறவன் இடப்பக்கமாக முந்த வேண்டும். முந்துமுன் மணியடித்தோ குரல் கொடுத்தோ தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலானது இது: சைக்கிளில் வருகிறவனே நடந்து செல்கிறவனுக்கு வழிவிட வேண்டும். சாலையில் பெரும்பாலும் பெரிய வண்டிக்குச் சிறியது ஒதுங்குகிறது. இங்கேயோ வேகமுள்ளவன் மெல்ல நடப்பவனுக்காகத் தாமதிக்கிறான். பலமுள்ளவர்கள் பலவீனரைத் தாங்க வேண்டும் என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்குப் போதித்ததும் இதுவேயன்றோ?

அந்த மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிகத் தொலைவில் அடித்தால் காதில் விழாது. முதுகருகே வந்து அடித்தால் நடப்பவர் திடுக்கிட்டுத் தடுமாறுவார். காது மந்தமானவராயின் எத்தனை அடித்தும் பயனில்லை. வேகத்தைக் குறைத்துப் பின்னால் பொறுமையாகச் செல்லவே வேண்டும். நாம் பிறரைத் திருத்தும் விதமும் இப்படித்தானே இருக்க வேண்டும்? வயதான தகப்பனார் ஒரே சங்கதியை மூன்றாம் முறை கேட்கும்போது நீ எப்படிப் பதில் சொல்கிறாய்? பாடம் ஏறாத பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு எத்தனை முறை நோகடித்தாய்? முழங்கால் வலியோடு படியேறும் தாயாரை, பூசைக்கு நேரமாயிற்று என்று சொல்லி வாசலில் விட்டுவிட்டு முன்னே போய் முதல் வரிசையில் முழந்தாளிட்டாயானால், அந்தச் செபம் ஆண்டவர் சந்நிதியில் எப்படி ஏறும்?

வேகம் பாவம் என்று நான் சொல்லவில்லை. இளமையும் பலமும் தேவ கொடைகளே. சேசுநாதர் உயிர்த்தெழுந்த காலையில் அர்ச். இராயப்பரும் அர்ச். அருளப்பரும் கல்லறைக்கு ஓடினார்கள். அருளப்பர் இளைஞர், முந்தி ஓடி முதலில் சேர்ந்தார். குனிந்து உள்ளே பார்த்தார், ஆயினும் நுழையவில்லை. இராயப்பர் வந்து சேரும்வரை வாசலிலே நின்றார். ஓடத் தெரிந்தவருக்கு நிற்கவும் தெரிந்திருந்தது! அன்று மாலையே நம் ஆண்டவரும் எம்மாவுஸ் போகும் வழியில், மனம் சோர்ந்து நடந்த இரு சீடரோடு, அவர்கள் நடைக்கு ஏற்றபடியே நடந்தார். மரணத்தை வென்றவருக்கு அவர்களை முந்திச் செல்வது அரிதோ?

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரத்தில் இதை ஓர் ஒறுத்தலாகச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை கண்டபின், குடும்பத்தில் மிகவும் மெல்ல நடப்பவர் யாரோ, அவரோடு அவர் நடையிலேயே சற்று தூரம் நடந்து வாருங்கள். சைக்கிள் இருந்தால் அதைக் கையால் தள்ளிக்கொண்டே நடங்கள். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். எசாயூவின் 400 பேரும் முன்னே போகட்டும். யாக்கோபோ, முந்தின இரவில் சம்மனசோடு போராடி நொண்டிக்கொண்டிருந்தவர். தாமே நொண்டியவர் ஆனதால்தான் பிள்ளைகளின் கால்வலி அவருக்கு விளங்கியது போலும். நாமும் ஒரு நாள் நொண்டுவோம்; அன்று நமக்காகத் தாமதிப்பவர் யார்?

மோட்ச வாசலில் எத்தனை சீக்கிரம் வந்தாய் என்று நடுவர் கேட்கமாட்டார். உன்னிடம் ஒப்புவித்தவர்கள் எங்கே என்றே கேட்பார். அந்நாளில் ஒருவரையும் வழியில் விட்டுவிடாமல், எல்லாரையும் கைப்பிடித்து அழைத்து வந்தோம் என்று சொல்லும் பாக்கியத்தை, நல்ல ஆயனாகிய சேசுநாதர் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.