காசியில் யாரைத் தள்ளிப் போகச் சொன்னார் சங்கரர்?

சங்கரர் காசியில் கங்கைக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருக்கிறார். எதிரே நான்கு நாய்களோடு ஒருவர் வருகிறார். சண்டாளர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர். "தள்ளிப் போ" என்கிறார் சங்கரர். வந்தவர் நகரவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறார்: எதைத் தள்ளிப் போகச் சொல்றீங்க, உடம்பையா, ஆன்மாவையா? உடம்பு என்றால் உங்களுடையதும் சோறு, என்னுடையதும் சோறு. ஆன்மா என்றால் அது எங்கும் நிறைந்தது, தள்ளிப் போக ஏது இடம்? இதற்குப் பதிலாகச் சங்கரர் பாடிய ஐந்து சுலோகங்கள்தான் 'மனீஷா பஞ்சகம்' என்பது மரபு.

அந்தக் கேள்வியில் ஒரு ஆப்ஷன் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பாதையில் இன்னொரு கூட்டமும் இருந்தது. பாக்டீரியா.

கணக்குக்கு வருவோம். 2016இல் ரான் மைலோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. அதற்குமுன் பல வருஷம் 'ஒன்றுக்குப் பத்து' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஏறக்குறைய சரிக்குச் சரி. ஒருமுறை டாய்லெட் போய்வந்தால் மெஜாரிட்டி நம் பக்கம் திரும்பிவிடலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். கூட்டணி ஆட்சி என்றால் இதுதான்.

எடை மொத்தமே 200 கிராம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டமில்லை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் உடைத்து, குடல்சுவர் செல்களுக்கே சாப்பாடு போடுகின்றன. தாய்ப்பாலில் சில சர்க்கரைகள் இருக்கின்றன, குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அவை குழந்தையின் குடலில் இருக்கும் பிஃபிடோபாக்டீரியாவுக்கான உணவு. அம்மா முதல் பந்தியிலேயே இன்னொரு இலையும் போட்டுவிடுகிறாள்.

நாங்கள் 'இது நான் எழுதின ஆப்' என்று காலரைத் தூக்கிவிடுவோம். திறந்து பார்த்தால் முக்கால்வாசி யாரோ எழுதிய லைப்ரரிகள். எடுத்துவிட்டால் ஆப் ஓடாது. 'நான் இந்த உடல் அல்ல' என்பது வேதாந்தத்தின் பெரிய பாடம். பாக்டீரியா அதற்கு முந்தைய படியையே ஆட்டிவிடுகிறது: இந்த உடல் முழுக்க என்னுடையதும் அல்ல.

உடனே 'நம்ம முன்னோர்களுக்கு அப்பவே தெரியும்' என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட வேண்டாம். தெரியாது. லேவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கை லென்ஸ் வழியாகப் பார்த்து எழுதியதே 1683இல்தான். எதுவும் தெரியாமலே அப்படியொரு கேள்வி கேட்க முடிந்தது என்பதுதான் ஆச்சரியம்.

இன்னொரு ஃபார்வர்டும் உண்டு: 'தீட்டு என்பது அந்தக் கால சுகாதாரம்.' 1847இல் வியன்னாவின் பிரசவ வார்டில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், சக டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்கள் சாவது குறைந்தது. அவர் பார்த்தது கையை. யார் வீட்டுக் கை என்று கேட்கவில்லை. சுத்தம் கழுவினால் வந்துவிடும். தீட்டு அப்படியில்லை, சிலருக்குப் பிறப்பிலேயே ஒட்டிவிடுகிறது, எத்தனை முழுக்குப் போட்டாலும் போவதில்லை. அதே சமயம் மடியாகச் செய்த தயிர்சாதம், உயிருள்ள பாக்டீரியாவோடு, சாமிக்கு நைவேத்யமாகிறது. அதன் உறைமோர் எத்தனை வீடு, எத்தனை தெரு தாண்டி வந்தது என்று யாரும் கோத்திரம் விசாரிப்பதில்லை.

காசிக் கதை முடிவில், வந்தவர் சிவபெருமான் என்று தெரிகிறது. நாய்கள் நான்கும் நான்கு வேதங்கள். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. சிவன் என்று தெரிந்தபிறகு காலில் விழுவது சுலபம். அவர் சிவன் இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள், நாய்களும் வெறும் நாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியின் பலம் ஒரு கிராம்கூடக் குறையாது. ஆனால் நாம் அதைக் காதில் வாங்குவோமா?

இரண்டு பேரும் நின்று பேசிய அந்தச் சில நிமிஷத்தில், மூச்சிலும் புழுதியிலும் ஏறி, அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் எத்தனையோ பாக்டீரியாக்கள் குடிபெயர்ந்திருக்கும். வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் சாதி விசாரிக்கிற ஊரில், அவற்றுக்கு மட்டும் அட்வான்ஸ்கூட இல்லாமல் வீடு கிடைத்திருக்கும்.