பச்சைக் குஞ்சு யாருடையது?

ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வரை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் பட்ஜி வளர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் புறாவும் சேவலும். தமான் வீட்டுக்கு வந்த பிறகு இடம் சுருங்கிவிட்டது, பட்ஜிதான் தோது. இவர்கள் கூடிப் பேசும்போது ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும்: "மிச்சம்". "நீலம் ரெண்டு வந்துச்சு, மிச்சம் எல்லாம் பச்சை." அந்த மிச்சம் என்ன ஆனது என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும். கடைக்காரரிடம் சும்மா கொடுத்துவிட்டேன். யாரோ பையன் கேட்டான், தூக்கிக் கொடுத்தேன். மூன்றாவது பதில் மட்டும் கொஞ்சம் பெருமையோடு வரும்: "திறந்து விட்டுட்டேன் தம்பி. புண்ணியமாப் போகட்டும்."

அந்தப் புண்ணியம்தான் என்னை உறுத்துகிறது. நாமே ஆசைப்பட்டு, நாமே ஜோடி சேர்த்துப் பிறக்க வைத்த உயிர், நாம் நினைத்த நிறத்தில் வரவில்லை. அது யார் பொறுப்பு?

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். நம்மவர்கள் பலர் இதை 'லவ் பேர்ட்ஸ்' என்பார்கள். லவ் பேர்ட் ஆப்பிரிக்காவில் உள்ள வேறொரு கிளி. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக அலைந்து, புல் விதை தின்று வாழ்வது. 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அன்று முதல் அது கூண்டுப் பறவை. காட்டில் அதன் நிறம் பச்சை, முகம் மஞ்சள். இன்று கடையில் பார்க்கிற நீலம், வெள்ளை, முழு மஞ்சள், சாம்பல் எல்லாம் கூண்டுக்குள் மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை.

நீலம் எப்படி வருகிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. (நான் படிப்பது மெக்கானிக்கல். உயிரியல் எஸ்பிஎம்மோடு போச்சு. அதனால் இந்த ஆச்சரியம் கொஞ்சம் தாமதம்.) பட்ஜியின் இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு நீல ஒளியை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதன் மேல் மஞ்சள் நிறமி சேரும்போது பச்சை. மஞ்சள் இல்லாவிட்டால் நீலம். 2017-ல் 'செல்' என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு காரணத்தையும் கண்டுபிடித்துச் சொன்னது: மஞ்சள் நிறமியைச் செய்யும் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் மஞ்சள் உருவாகவில்லை. ஆக, நாம் அதிகக் காசு கொடுத்து வாங்குகிற நீலக் குருவியிடம் பச்சைக் குருவியிடம் இல்லாதது எதுவும் இல்லை. பச்சையிடம் இருக்கிற ஒன்று நீலத்திடம் இல்லை, அவ்வளவுதான். மீனாட்சி அம்மன் கையில் இருப்பது பச்சைக்கிளி. அதையே கூண்டில் பார்த்தால் நம் முகம் சுருங்குகிறது.

இனி கணக்கு. ஒவ்வொரு குஞ்சும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வாங்குகிறது. இரண்டும் மாறிய பிரதியாக இருந்தால்தான் நீலம். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பார்க்கப் பச்சை, உள்ளே நீலம் ஒளிந்திருக்கும். இதைத்தான் வளர்ப்பவர்கள் 'ஸ்ப்ளிட்' என்கிறார்கள். சுத்தப் பச்சையும் நீலமும் சேர்ந்தால் குஞ்சு எல்லாமே பச்சை, எல்லாமே ஸ்ப்ளிட். இரண்டு ஸ்ப்ளிட்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குஞ்சும் நீலமாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஸ்ப்ளிட்டும் நீலமும் என்றால் பாதிக்குப் பாதி. நீலமும் நீலமும் என்றால் முழுக்க நீலம்.

'நான்கில் ஒன்று' என்பதை எங்கள் ஆட்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாலு முட்டை பொரித்தால் ஒன்று நிச்சயம் நீலம் என்று நினைப்பு. அப்படியில்லை. ஒவ்வொரு குஞ்சும் தனித்தனிச் சீட்டு. நான்கில் ஒன்றுகூட நீலமாக வராமல் போக 256-க்கு 81 வாய்ப்பு, ஏறக்குறைய 32 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு பேருக்கு நாலும் பச்சையாகவே வரும். அப்போது என்ன சொல்கிறார்கள்? "விதி, என்ன செய்றது?"

எனக்கு உடன்பாடு இல்லாதது இந்த இடத்தில்தான். விதி என்ற சொல்லை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். இந்த முட்டையிலிருந்து வருவது பச்சையா நீலமா என்பது யார் கையிலும் இல்லை. அதை விதி என்று சொல்லுங்கள், நிகழ்தகவு என்று சொல்லுங்கள், எனக்கு இரண்டும் ஒன்று. ஆனால் இரண்டு ஸ்ப்ளிட்டைச் சேர்க்கிற அன்றே, வரப்போகிற குஞ்சுகளில் முக்கால்வாசி உங்களுக்கு வேண்டாதவை என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் குஞ்சு என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை. ஏறக்குறைய எத்தனை என்பதை நீங்கள்தான் தீர்மானித்தீர்கள்.

ஒரு தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். நூறு துண்டு செய்தால் பத்து கழிவாகும் என்று அதன் பொறியாளருக்குத் தெரியும். எந்தப் பத்து என்று தெரியாது. அதற்காக "இந்தக் கழிவு எதிர்பாராதது" என்று சொல்லி அதைச் சுங்கை சிலாங்கூரில் கொட்டினால் ஒத்துக்கொள்வோமா? குழாயில் தண்ணீர் நின்று, வாளியோடு லாரிக்குக் காத்திருந்த நமக்கு அந்தக் கோபம் நன்றாகவே தெரியும். கழிவு எவ்வளவு என்று தெரிந்தவன், அது எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உலோகத் துண்டுக்கே இந்த விதி என்றால், மூச்சு விடுகிற ஒன்றுக்கு?

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் குருக்கள் முதலில் சங்கல்பம் செய்கிறார். இன்ன நாள், இன்ன இடம், இன்னார், இன்னதற்காக. செய்யப் போகும் காரியத்தை நம் பெயரில் எழுதி வைப்பது போல அது. பட்ஜிக்குக் கூடு கட்ட மரப்பெட்டியைத் தொங்கவிடுவதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பட்ஜி காட்டில் மரப்பொந்தில் முட்டையிடுகிற பறவை. பெட்டி இல்லாவிட்டால் பெரும்பாலும் முட்டையிடாது. பெட்டியை மாட்டிய கை யாருடையதோ, வருகிற குஞ்சு முழுக்க அவர் பெயரில்தான். நீலம் மட்டும் என் பெயரில், பச்சை விதியின் பெயரில் என்று பிரித்து எழுத முடியாது.

சரி, திறந்து விடுகிற புண்ணியத்துக்கு வருவோம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் தட்டில் தினை தின்ற பறவை அது. அது வெளியே போகிற இடம் செம்பனைத் தோட்டம். வறண்ட புல்வெளி அங்கே இல்லை. மதியம் மூன்று மணிக்கு அடிக்கிற மழை இருக்கிறது. ஆற்றோரம் வட்டமிடுகிற கருடன் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் காக்கை இருக்கிறது. இந்தக் காக்கைக்கும் ஒரு கதை உண்டு. 1890-களில் கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையை ஒழிக்க வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய், ரப்பர் வந்து, செம்பனையும் வந்துவிட்டது, காக்கை மட்டும் போகவில்லை. பிறகு அதே காக்கையைத் துப்பாக்கியால் சுட நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்தன. ஓர் உயிரை நம் தேவைக்குக் கொண்டுவருவது, தேவை தீர்ந்ததும் தொல்லை என்பது, இந்த மண்ணில் புதிய பழக்கம் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோதும், தோட்டத்தை விற்றபோதும், "ஆள் மிச்சம்" என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள் யாருடைய தாத்தா பாட்டி என்று நான் சொல்லத் தேவையில்லை.

கதவைத் திறந்தவர் பறவை பறந்து போவதைத்தான் பார்க்கிறார். மறுநாள் காலையில் வடிகால் ஓரம் கிடக்கிற இறகை அவர் பார்ப்பதில்லை. அது விடுதலை இல்லை. கணக்கை மூடுகிற வழி.

இதை என் தாய்மாமாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருடமாகக் குருவி வளர்க்கிறவர். கேட்டுவிட்டு, "கோழி வளர்த்து அறுக்கிறோம், அதுக்கு நீ கட்டுரை எழுதலயே மாப்ள" என்றார். நியாயமான கேள்விதான். முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "கோழியை எதுக்கு வளர்க்கிறோம்னு மறைக்கல மாமா. இதை அன்புனு சொல்லி வளர்க்கிறோம்." அவர் விடவில்லை. "நான் ஜோடி சேர்க்கலன்னா அந்தப் பச்சை பொறந்தே இருக்காது. ரெண்டு மாசமாவது உலகத்தப் பாத்துச்சே?"

இந்தக் கேள்வியை நான் ஒரு வாரம் மனசில் போட்டுப் புரட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தால் அசைக்க முடியாத வாதம். ஆனால் இதே வாதத்தை ஒரு தகப்பன் தன் பிள்ளையிடம் சொன்னால்? "நான் இல்லேன்னா நீ பொறந்திருக்கவே மாட்ட, அதனால சோறு போடலன்னு கேக்காதே" என்றால்? பிறப்பைக் கொடுத்தது கடனை அடைப்பதில்லை. கடன் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளை என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கிற பழக்கம் இருந்தது. ஆண் வேண்டி வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் பெயர். அங்கேயும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆசைப்பட்டது அப்பா அம்மா. 'மிச்சம்' என்ற பெயரைச் சுமந்தது அந்தப் பெண்.

இது குருவி விஷயம்தானே, ஏன் இவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஹான்ஸ் டங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பிரெமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர். 1920-களில் ஆயிரக்கணக்கான பட்ஜிகளைக் கவனித்து, எந்த நிறத்தோடு எதைச் சேர்த்தால் என்ன வரும் என்ற கணக்கை ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர். நான் மேலே எழுதிய கணக்கில் அவர் உழைப்பும் இருக்கிறது. அந்த மனிதர்தான் மனிதர்களையும் அப்படித் தரம் பிரிக்க வேண்டும் என்ற இனத்தூய்மைக் கொள்கையை ஆதரித்துப் பேசினார். 1933-ல் ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. பரம்பரை நோய், மனநலக் குறை என்று முத்திரை குத்தி ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு அதைச் செய்தார்கள். பட்ஜி வளர்த்தால் அங்கே போய் முடியும் என்று நான் சொல்லவில்லை, அது அபத்தம். டங்கரின் கட்டத்தில் எழுத்துகள் இருந்தன, விழுக்காடு இருந்தது. 'தேவை', 'மிச்சம்' என்ற இரண்டு சொல் அதில் எங்கேயும் இல்லை. அதை எழுதுவது எப்போதும் பார்க்கிறவன்தான். கல்யாணப் பேச்சில் "பொண்ணு கொஞ்சம் கருப்பு" என்று குரலைத் தாழ்த்துகிற நம் வீட்டுப் பெரியவர்களும் எழுதுகிறார்கள்.

கணக்கைத் தூக்கிப் போட வேண்டும் என்பது என் வாதம் இல்லை. அதே கணக்கு மிச்சத்தைக் குறைக்கவும் உதவும். நீலம்தான் வேண்டும் என்றால் நீலத்தோடு நீலத்தைச் சேர்க்கலாம், வேண்டாத குஞ்சே வராது. ஆனால் ஒரே குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டே போனால் குஞ்சு நலிந்துவிடும். அதனால் அவ்வப்போது வெளியிலிருந்து நல்ல பச்சையைக் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த வருடம் பச்சைக் குஞ்சு வரும் என்று முன்பே தெரியும். முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள், பெட்டியை விட்டு வெளியே வர இன்னும் ஐந்து வாரம். ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருக்கிறது. வளர்க்க ஆள் தேடப் போதுமான நேரம். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் வைத்து நாமே சாகும்வரை தீனி போடுவது. பட்ஜி ஐந்தாறு வருடமாவது இருக்கும், எட்டு வருடமும் போகும். அந்த எட்டு வருடத் தீனிச் செலவைப் பெட்டி மாட்டுகிற அன்றே கணக்கில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் பலர் ஒரு பெட்டியைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

மாமா இதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "படிச்ச புள்ள, எல்லாத்துக்கும் கணக்கு" என்று அத்தையிடம் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் ஜோடி எழுதி வைக்கிற அவருடைய நோட்டுப் புத்தகத்தில், நிறம், வளைய எண், முட்டை தேதி என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு புதிதாகப் போட்டிருக்கிறார். தலைப்பு 'பச்சை – யாருக்கு'. ஆறு ஜோடியில் நாலுக்கு அந்தப் பத்தி நிரம்பியிருக்கிறது. மற்ற இரண்டு ஜோடிக்கு இன்னும் பெட்டி மாட்டவில்லை.