பிழையின் இருப்பிடம்

இருபது ஆண்டு ஓடிய ஒரு பெட்ரோல் கார். இன்ஜின் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது; ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட்டின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று வருகிறது. கணினி தனக்கு வந்து சேர்ந்ததைத்தான் சொல்கிறது. கூலன்ட் சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. பரவலாகப் புழங்கும் வகை ஒன்றில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம் சொச்சமாக இறங்கிவிடும். கணினி 5 வோல்ட்டை ஒரு நிலையான தடை வழியாக அனுப்பி, எஞ்சி நிற்கும் வோல்ட்டைப் பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. நடுவில் தொடர்பு அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அதைக் கடுங்குளிர் என்றே அது படிக்கும். சில கார்களின் கணினி சந்தேகப்பட்டு, தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஃபேனை ஓடவிடும். சந்தேகப்படாத கணினி குளிர்ந்த இன்ஜினுக்கு ஊற்றுவதுபோல் பெட்ரோலை ஊற்றும். கறுப்புப் புகை வரும், மைலேஜ் விழும், செக் இன்ஜின் விளக்கு எரியும். உடனே சென்சாரை மாற்றுவதுதான் வழக்கம். பழைய கார்களிலோ பல நேரம் கெட்டிருப்பது சென்சாரை வயரோடு சேர்க்கும் கப்ளர். சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் மொரமொரத்துப் போகும், லாக் ஒடியும், பின்கள் பிடி தளரும், ஈரம் இறங்கிக் களிம்பேறும்.

அறிவாராய்ச்சியின் பழைய வழக்கு ஒன்று இந்தச் சிறு பழுதுக்குள் அப்படியே இருக்கிறது. ஓர் அறிவு மெய் என்பது அந்த அறிவிலேயே அடங்கியிருக்கிறதா, வேறொன்றைக் கொண்டு நிறுவ வேண்டியதா? வேதத்துக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர் முதலாவதைச் சொன்னார்கள். எழும் அறிவு தானாகவே மெய்; மறுக்கும் அறிவு ஒன்று வரும்வரை அதை ஐயுற வேண்டியதில்லை. நியாயம் என்னும் தருக்க மரபினரான நையாயிகர் இதை ஏற்கவில்லை. மெய்யும் பொய்யும் காரணங்களைப் பொறுத்தவை. கருவியில் குறை இருந்தால் பொய் விளையும், குறை இல்லை என்பதைத் தனியே அறிந்தாக வேண்டும். தமிழுக்கு இது அயல் வழக்கும் இல்லை. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், அறியும் கருவிகளை ஆராயும் அளவையில்தான் தொடங்குகிறது. மாசற்ற காட்சியை ஐயத்திலிருந்தும் திரிபிலிருந்தும் பிரித்த பிறகே இறைவனைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சைவ சித்தாந்த மரபில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்கு உவமை செம்பில் களிம்பு. அங்கே களிம்பு செம்போடு கூடவே உள்ளது. கப்ளரில் ஏறும் களிம்பு வெளியிலிருந்து வருவது, சுரண்டினால் போவது. மனித அறிவின் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை என்பதும், ஆகவே அவற்றுக்கு ஓர் இருப்பிடம் உண்டு என்பதும்தான் இங்கே என் வாதம். பிழை கண்டதும் கேட்க வேண்டியது அது எங்கே இருக்கிறது என்பதை; எதை நம்புவது, எதைக் கைவிடுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விஷயம் தெரிந்த மெக்கானிக் செய்வதைப் பாருங்கள். ஸ்கேனர் தரும் பி0118 என்ற குறியீடு, கூலன்ட் வெப்பச் சுற்றில் வோல்ட் அதிகம் என்று மட்டுமே சொல்கிறது. சென்சார் கெட்டது என்று அதில் எங்கும் இல்லை. அவர் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைக்கிறார். மைனஸ் 40 காட்டிய ஸ்கேனர் ஒரே தாவலில் உச்சச் சூட்டுக்குப் போகிறது. வயரும் கணினியும் நலம். சென்சாரைத் தனியே எடுத்து வெந்நீரில் அமிழ்த்தி மல்டிமீட்டரில் பார்க்கிறார். ஓம் ஒழுங்காக இறங்குகிறது. சென்சாரும் நலம். எஞ்சுவது இரண்டும் சந்திக்கும் இடம் மட்டுமே. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருப்பதையும், அது இல்லாதபோது இது இல்லாததையும் சோதித்துக் காரணத்தைக் காண்பதை நம் தருக்க நூல்கள் அன்வயம், வெதிரேகம் என்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓர் அறிவு பொய் என்று காட்ட அவருக்கு மூன்று மெய்யறிவுகள் தேவைப்பட்டன: வயர் நலம், கணினி நலம், சென்சார் நலம். ஒரு பிழையைக் காட்டி எதையுமே அறிய முடியாது என்று முடிப்பவர், அந்தப் பிழையைத் தமக்குக் காட்டிக்கொடுத்த அறிவுகளையும் சேர்த்தே தூக்கி எறிகிறார்.

மல்டிமீட்டரை யார் சோதித்தார்கள்? பௌத்தரான நாகார்ஜுனர் விக்ரஹவ்யாவர்த்தனி என்ற நூலில் எழுப்பிய தடை இதுதான்: அளப்பதை அளக்க இன்னோர் அளவை, அதை அளக்க மற்றொன்று என்றால் முடிவே இல்லை. நியாய சூத்திரம் தராசைக் காட்டி விடை சொல்கிறது. எடை பார்க்கும் தராசையும் ஐயம் வந்தால் எடை பார்க்கலாம். வரும் வரை அதுவே அளவை. இது மழுப்பல் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டினால் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. எப்போது வேண்டுமானாலும் சோதிக்க முடியும் என்பதும், எப்போதும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் வேறு வேறு. நாகார்ஜுனரின் தடை இரண்டாவதைத்தான் முறிக்கிறது. இந்த இடத்தில் மீமாம்சகருக்கும் பாதி வெற்றி உண்டு: காரணமின்றி ஐயுறுபவர் எந்த வேலையையும் தொடங்கவே முடியாது.

இதைவிடக் கடினமான தடை ஒன்று இருக்கிறது. நையாயிகர் பயனைச் சான்றாக வைத்தார்கள்; நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய பாஷ்யமே செயலின் வெற்றியிலிருந்துதான் தொடங்குகிறது. கார் பட்டறையில் இந்தச் சான்று அடிக்கடி ஏமாற்றும். நல்ல சென்சாரைக் கழற்றிப் புதியதைப் போடுகிறார்கள், பழுது போய்விடுகிறது. உண்மையில் கப்ளரைக் கழற்றி மாட்டியபோது உராய்ந்து களிம்பு விலகியிருக்கும். சில வாரத்தில் விளக்கு மறுபடி எரியும். பயன் கிடைத்தது, கொண்ட அறிவு பொய். இன்னும் மோசமானது அரைகுறைத் தொடர்பு. களிம்பேறிய பின்னில் 2,000 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், 80 டிகிரிச் சூட்டில் இருக்கும் இன்ஜின் இருபத்துச் சொச்சம் டிகிரி என்று தெரியும். நம்பத்தக்க எண், பல கணினிகள் விளக்கைக்கூட எரியவிடாது. மறுக்கும் அறிவு வரும்வரை நம்பு என்ற மீமாம்சகர் விதி இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் மறுப்பு தானாக வரப்போவதில்லை, தேடிப் போக வேண்டும். ஆகவே பயன் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய சென்சாரையே புதிய கப்ளரில் மாட்டிப் பார்த்து, பழுது திரும்பவில்லை என்று கண்ட பிறகுதான் அந்த வெற்றி சான்றாகிறது. புதிய கப்ளரைச் சேர்ப்பதிலும், உடனே கிடைக்கும் பயனை அப்படியே நம்பாத இதே எச்சரிக்கை வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வயருக்குள் ஈயம் ஊறி அந்த இடம் விறைத்து, அதிர்வில் ஓரத்தில் ஒடியக்கூடும். சரியான கருவியால் நெரித்து, பசையுள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, இரண்டு இணைப்புகளையும் ஒரே இடத்தில் விழாமல் தள்ளித் தள்ளி வைப்பது நீடிக்கும்.

மீமாம்சகர் இத்தனை பாடுபட்டது வேதத்துக்காக. ஏழாம் நூற்றாண்டின் குமாரிலர் சொன்னது: சொல்லில் பிழை சொல்பவரிடமிருந்து வருகிறது; வேதத்தைச் சொன்னவர் எவரும் இல்லை; ஆகவே பிழைக்கு அங்கே இடமே இல்லை. வாதம் அழகானது. ஆனால் அது சென்சாரைப் பற்றியது, கப்ளரைப் பற்றிப் பேசவில்லை. ஓதியவர்களோ கப்ளரை மறக்கவில்லை. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களைப் பிரித்தும் இணைத்தும் முன்னும் பின்னுமாகத் திருப்பியும் ஓதும் முறைகளை அமைத்தார்கள். மூலம் குற்றமற்றது என்று நம்பியவர்களே, அது காதுக்கும் நாவுக்கும் இடையில் கெடக்கூடும் என்று காவல் வைத்தார்கள். தில்லையில் பூட்டிய அறையில் தேவார ஏடுகளைக் கரையான் அரித்திருந்ததாகச் சொல்லும் சைவ மரபும் அந்த இழப்பை மறைக்கவில்லை. பாட பேதம் காட்டினாலே நூலை அவமதித்ததாகச் சீறுகிறவரும், பாட பேதம் இருப்பதாலேயே நூல் பொய் என்று முடிக்கிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். வழியின் நிலையை மூலத்தின் நிலையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு தடை நியாயமாகவே எழும். சென்சாரைக் கழற்றி வெந்நீரில் இட்டுப் பார்க்கலாம். மறையின் மூலத்தை அப்படிப் பார்க்க முடியாதே, நம் கையில் இருப்பதெல்லாம் வழி மட்டும்தானே? உண்மை. இந்த வேற்றுமையை எந்த வாதமும் அழிக்காது. அதனால் கப்ளரைச் செப்பனிட்டவர் வேதமோ திருமுறையோ மெய் என்று நிறுவிவிட முடியாது. ஆனால் இந்தத் தடை இரண்டு பக்கமும் வெட்டும். இன்ஜினுக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் ஒரு சென்சார் இருந்தால், கப்ளரில் களிம்பைக் கண்ட மெக்கானிக் அந்தச் சென்சார் நலம் என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். களிம்பைச் சுரண்டிவிட்டு, எண் மாறுகிறதா என்று பார்ப்பார்.