வாடிக்கையாளரின் எண்ணும் அமானிதமே

நோன்புப் பெருநாளுக்குத் துணியெடுக்க மதுரை மாசி வீதிகளுக்குப் போகிறோம். பில் போடுபவர் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார், சொல்லிவிடுகிறோம். மறுவாரமே தள்ளுபடிச் செய்திகள்! பில்லுக்கென வாங்கியதை விளம்பரத்திற்கு எடுத்தாள்வது அமானித மோசடியல்லவா? வியாபாரத்தில் பரஸ்பர சம்மதம் வேண்டுமென்பதை சூரா அந்நிஸாவின் 29ஆம் வசனம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

விரும்பியவர் ஒரு சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பித் தாமே சேரும் முறை இதைவிட நேர்மையானது. ஆனால், சேரும் சொல்லை வாசலில் கொட்டை எழுத்தில் வைக்கும் வியாபாரி, விலகும் சொல்லை எங்கே வைத்தார்? 1909 எண்ணில் பதிந்து நாம் விளம்பரங்களைத் தடுத்திருந்தாலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகளின்படி, ஒரு கடைக்குத் தனியே தந்த சம்மதம் அத்தடையைத் தாண்டிச் செல்லும். அதைத் திரும்பப் பெறவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் விலகும் சொல்லையும் அதே பலகையில், அதே அளவில் எழுதட்டும்.