பழம்பொருளை மீட்டலும் உண்மையும்: ஓர் அறவியல் நோக்கு

சிதைவுற்ற பழம்பொருளொன்றை அதன் முன்னைய நிலைக்கு மீட்டல் நற்செயலென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் ‘முன்னைய நிலை’ என்பது எந்நிலை? பொருளொன்று பல நிலைகளைக் கடந்து வந்திருப்பின், அவற்றுள் ஒன்றை மாத்திரம் அதன் உண்மை நிலையெனத் தெரிந்தெடுத்து ஏனையவற்றை அகற்றுதல் முறையாகுமா? இவ்வினாவை ஆராய்தற்குப் பழைய இராணுவத் துப்பாக்கிகளைக் காலத்துக்கொத்த உறுப்புகளைக் கொண்டு புதுப்பிக்கும் வழக்கம் தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் ‘எம் 1 கரண்ட்’ எனும் துப்பாக்கியைச் சேகரிப்போரிடையே இவ்வழக்கம் பெரிதும் நிலவுகின்றது.

கனடாவிற் பிறந்த ஜோன் கரண்ட் என்பார் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் அரச படைக்கலச் சாலையிற் பணியாற்றியபோது வடிவமைத்த இத்துப்பாக்கி 1936 இல் அமெரிக்க இராணுவத்தால் ஏற்கப்பட்டது. ஒருமுறை நிரப்பப்படும் எட்டு இரவைகளையும், ஒவ்வொரு வெடிக்கும் பின்னர் கையாற் பொறியை இயக்காமலே சுட இஃது இடமளித்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஸ்பிரிங்பீல்டும் வின்செஸ்ரர் நிறுவனமும் இதனை உற்பத்தி செய்தன. 1950களில் வேறு நிறுவனங்களும் அப்பணியில் இணைந்தன. மொத்தமாக ஏறக்குறைய 54 இலட்சம் துப்பாக்கிகள் ஆக்கப்பட்டன.

இத்துப்பாக்கியின் தொடர் இலக்கம், பொறியைத் தாங்கும் உருக்குக் கூட்டில் மாத்திரமே பொறிக்கப்பட்டுள்ளது. குழலிலே அஃது ஆக்கப்பட்ட மாதமும் ஆண்டும், வேறு பல உறுப்புகளில் அவற்றின் வரைபட இலக்கங்களும் காணப்படும். எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தவேண்டும் என்பதே உற்பத்தியின் அடிப்படை நோக்கமாகும். போர் முடிந்த பின்னர் பெருந்தொகையான துப்பாக்கிகள் இராணுவப் பணிமனைகளிற் பிரிக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டன. தேய்ந்தவை களையப்பட்டன, எந்த உறுப்பு எந்தத் துப்பாக்கிக்கு உரியதென்பது கருதப்படாது, கைக்கு எட்டியது பொருத்தப்பட்டது. இதன் விளைவாக, 1943 இல் ஆக்கப்பட்ட கூட்டிலே 1950களிற் செய்யப்பட்ட குழலும், பிறிதொரு நிறுவனத்தின் பூட்டும், சீர்செய்த பணிமனையின் முத்திரை பதித்த மரக்கட்டையும் ஒன்றுசேர்ந்திருத்தல் வழமையாயிற்று. டென்மார்க், கிரேக்கம் முதலிய நாடுகளுக்கு வழங்கப்பட்டுப் பின்னர் திரும்பி வந்தவையும் உள; டென்மார்க்கிற் செய்யப்பட்ட குழலைத் தாங்கியவாறு அமெரிக்கா மீண்டவை அவற்றுட் சில.

இத்தகைய துப்பாக்கியொன்றைப் பெறும் சேகரிப்பாளர் அதனைச் ‘சரியானது’ ஆக்க முயல்கின்றார். தொடர் இலக்கத்தைக் கொண்டு ஆக்கப்பட்ட மாதத்தைக் கணித்து, அம்மாதத்துக்கு ஒத்த குழலையும், உரிய வரைபட இலக்கம் கொண்ட உறுப்புகளையும், அக்கால வடிவிலான குறிநோக்கியையும் தேடிப் பொருத்துகின்றார். பல ஆண்டுகால உழைப்பின் பயனாக, தொழிற்சாலை வாயிலை விட்டு வெளியேறிய நாளில் இருந்தவாறே துப்பாக்கி தோற்றுகின்றது. அத்துப்பாக்கி மீண்டதா, அன்றிப் புதிதாய் ஒன்று ஆக்கப்பட்டதா என்பதே வினா.

தத்துவ உலகிற்கு இவ்வினா புதியதன்று. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் பேணுமுகமாக உழுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர் என்றும், அஃது அதே கப்பல்தானா என அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் கூறுவார். 1655 இல் வெளிவந்த தமது நூலொன்றில் தோமஸ் ஹொப்ஸ் இதற்கொரு சிக்கலைச் சேர்த்தார்: களையப்பட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் திரட்டி அதே ஒழுங்கில் மீளக் கட்டுவானாயின், இரண்டனுள் எது தீசியஸின் கப்பல்? பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹவில், தேர் என்பது அச்சுமன்று, சில்லுமன்று, அவற்றுக்கு அப்பாற்பட்ட பிறிதொன்றுமன்று. அவை கூடியவிடத்து வழங்கும் பெயரேயென நாகசேன தேரர் மன்னனுக்கு உணர்த்துகின்றார்.

நாகசேனரின் விடையை ஏற்பின், துப்பாக்கியின் ‘தன்மை’ பற்றிய வழக்கு ஒருவாறு தீர்ந்துவிடும்; அஃது ஒரு பெயர் மாத்திரமே. ஆனால் அறவியல் வினா அதனோடு தீர்ந்துவிடுவதில்லை. பணிமனையில் உறுப்பை மாற்றிய தொழிலாளியும் மாற்றியவனே, சேகரிப்பாளரும் மாற்றுபவரே. இருவர்க்கும் வேறுபாடு யாதெனின், தொழிலாளி மாற்றிய உறுப்பு எதனையும் சாதிக்க முயலவில்லை. துப்பாக்கி இயங்கவேண்டும் என்பதே அவன் கருதியது. சேகரிப்பாளர் மாற்றும் உறுப்போ ‘இஃது ஆதிமுதல் இங்கேயே இருந்தது’ எனப் பார்ப்போர்க்கு உணர்த்துகின்றது. செயல் ஒன்றாயினும் கூற்று வேறாகின்றது. உண்மை, பொய் என்பன கூற்றைப் பற்றியவை. எனவே உறுப்பு காலத்துக்கு ஒத்ததா என்பதிலும், அதனைக் கொண்டு என்ன கூறப்படுகின்றது என்பதே அறத்தின்பாற்பட்ட வினாவாகும்.

இதற்கு மறுப்பாகச் சிலவற்றைக் கூறலாம். உறுப்புகளின் வரலாற்றை நுணுகி ஆராய்ந்தோர் பெரும்பாலும் இச்சேகரிப்பாளரே. அவர் முயற்சியின்றேல் அவ்வறிவு அழிந்திருக்கும். வேட்டைக்காரன் ஒருவன் மரக்கட்டையை அறுத்துக் குறைத்த துப்பாக்கிக்குப் பழைய வடிவை அளித்தல் குற்றமாகுமா எனவும் வினவலாம். இம்மறுப்புகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. எனினும், கட்டடச் சின்னங்களைப் பேணுதல் குறித்து 1964 இல் உருவாகிய வெனிஸ் பட்டயம் இங்கு வழிகாட்டும். ஒரு சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்தவை மதிக்கப்படவேண்டும், ஒரே பாணியை நாடுதல் மீட்டலின் நோக்கமன்று, புதிதாய் இடப்படும் பகுதி முழுமையோடு இசையினும் மூலத்தினின்று பிரித்தறியத்தக்கதாய் இருத்தல்வேண்டும் என்பன அதன் கருத்துகள். துப்பாக்கிக்கும் இவை பொருந்தும். களைந்த உறுப்பை எறியாது பேணுதலும், எது எப்போது மாற்றப்பட்டதென எழுதிப் பொருளுடன் வைத்தலும் அரிய காரியங்களல்ல. அவ்வாறு செய்பவர் அறிவையும் காத்தவராவார், எவரையும் ஏமாற்றாதவருமாவார். அதற்கு மாறாக, பழைய ஆய்வாளரின் முத்திரையைப் புதிய மரத்திற் பதிப்பவர் வரலாற்றைப் புனைபவரே. மாற்றியவர் வாளாவிருந்தாலும் பொருள் பேசிக்கொண்டேயிருக்கும். அவர் மறைந்த பின்னர் அதனைத் திருத்துவார் இரார்.

இதனினும் ஆழமான ஒன்றுண்டு. 1943 இல் ஆக்கப்பட்டு, போரின் பின் குழல் மாற்றப்பட்டு, 1950 இற்கும் 1953 இற்கும் இடையில் கொரியப் போர்க்களத்திற் கையாளப்பட்ட துப்பாக்கியொன்றைக் கருதுக. அதனை 1943 இற்கு ‘மீட்பவர்’ கொரியாவைக் கண்ட குழலைக் கழற்றிவிடுகின்றார். தேய்வும் தழும்பும் பொருந்தா உறுப்பும் குறைகளெனவே அவர்க்குத் தோற்றுகின்றன. ஆனால் அத்துப்பாக்கி இவ்வுலகில் இருந்தமைக்கு எஞ்சிய சான்றுகள் அவையே. நாணயமோ கடிகாரமோ ஆயின் இவ்விழப்பு வரலாற்றாசிரியனை மாத்திரம் வருத்தும். படைக்கலமோ மனிதரைக் கொல்லுதற்கென ஆக்கப்பட்டது. தொழிற்சாலை வாயிலில் நின்ற துப்பாக்கி எவரையும் கொன்றதில்லை. எவரும் அதனை ஏந்தி அஞ்சியதுமில்லை. அந்நாளுக்கு அதனைத் திருப்பிக் கொணர்தல், அது செய்தவற்றுக்கும் அதனைச் சுமந்தோர் பட்டவற்றுக்கும் முற்பட்ட ஒரு குற்றமின்மையை அதற்கு வழங்குதலாகும். அக்குற்றமின்மை எண்ணெய் பூசிய புதுமெருகிற் காண்போரைக் கவரும். கவர்ச்சி மிகுந்தவிடத்துப் போர் என்பது பொறித்திறனின் வரலாறாகச் சுருங்கிவிடும்.

பழையதைப் பேணும் ஆர்வம் பழிக்கத்தக்கதன்று. எனினும், சரியானதாகத் தோற்றும் பொருள் யாவும் உண்மையானதாகிவிடாது. நூதனசாலையிலோ தனியார் இல்லத்திலோ ஒரு துப்பாக்கியைக் காண்பவர், அஃது ஆக்கப்பட்ட நாளை மாத்திரமன்றி அது கடந்துவந்த நாட்களையும் அறிதல் வேண்டும். பொருந்தாத குழலை அதன் இடத்திலேயே விட்டுவைக்கும் சேகரிப்பாளரிடம் குறைந்த விலையுடைய துப்பாக்கியே இருக்கக்கூடும். ஆயினும் அது தான் கண்டதைக் கூற வல்லதாய் இருக்கும்.