ருசியும் கடனும்

டி. கல்லுப்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் 'வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு தொங்குகிறது. எந்த வீட்டு வாசலிலும் இப்படி ஒரு போர்டு கிடையாது. வீடு இல்லாத இடத்தில்தான் அந்தச் சொல் தேவைப்படுகிறது. கேலியாகச் சொல்லவில்லை. அம்மா இங்கே வந்து சேரும் வரை இரண்டு வருஷம் அந்தக் கடையில்தான் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டேன்; ரசம் நன்றாகவே இருக்கும். என் கேள்வி வேறு. வீட்டுச் சமையலில் காசுக்குக் கிடைப்பது எது? எவ்வளவு கொடுத்தாலும் விலைக்கு வராமல் நின்றுவிடுவது எது?

இத்தாலிக்குப் போய்வந்த நண்பர் ஒருவருடன் நடந்த பேச்சில் கிளம்பிய கேள்வி இது. டஸ்கனியில் ஒரு பண்ணை வீட்டில் நான்கு நாள் தங்கியிருக்கிறார். திராட்சைச் சரிவுகள், நீண்ட மர மேஜை, ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்டு வீட்டுக்கார அம்மாள் காய்ச்சிய ரிபொல்லித்தா என்ற சூப், அந்த மண்ணிலேயே விளைந்த ஒயின். 'அங்கே நான் டூரிஸ்டாக இல்லை, விருந்தாளியாக இருந்தேன்' என்றார். அவருடைய பரவசத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த வீட்டின் சரித்திரம் பரவசத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

ரிபொல்லித்தா என்றால் மறுபடி கொதிக்கவைத்தது என்று பொருள். காய்ந்த ரொட்டியை எறிய வசதியில்லாதவர்களின் சமையல். நம் பழைய சோற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். டஸ்கனிப் பண்ணை வீடுகளில் நூற்றாண்டுகளாக இருந்தவர்கள் வாரக்குடிகள். விளைச்சலில் பாதி நிலச் சொந்தக்காரனுக்கு. பண்டிகைக்குக் கோழியும் முட்டையும் தனி. பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த நீர்த்த பானம்தான் பல குடும்பங்களுக்கு அன்றாடம் வாய்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்குப் போனார்கள். 1964ல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. காலியான வீடுகள் பல விடுமுறை விடுதிகளாயின. பண்ணை விருந்தோம்பலுக்கென்றே 1985ல் ஒரு சட்டம் வந்தது. விவசாயம் பிரதானம், விருந்தாளி அதற்கு அடுத்துத்தான் என்பது அதன் நிபந்தனை. நண்பர் குடித்தது அந்த வீட்டு ஒயின்தான். அப்படிப்பட்ட வீடுகளைக் காலி செய்து போனவர்கள் அன்றாடம் குடித்தது அதை அல்ல.

'அதற்காக நான் சூப்பைக் குடிக்காமல் எழுந்திருக்க வேண்டுமா?' என்றார் நண்பர். நியாயமான கேள்வி. சரித்திரம் தெரிந்தவன் பட்டினி கிடப்பதால் இன்னொருவன் வயிறு நிறைவதில்லை. பதில் தெரியாமல் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பக்கத்துத் திராட்சையைப் பார்க்கலாமென்று இருவரும் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனோம். கரிசலைத் தாண்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பச்சைக்குள். சுருளிப்பட்டியில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். தலைக்கு மேல் பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்று வட இத்தாலியின் ஸ்கியாவா. அங்கே கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வருஷத்துக்கு ஓர் அறுவடை. இங்கே கவாத்து மாற்றிக் கவாத்து, வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்குகிறது. கொடிக்கும் உறக்கமில்லை, அதற்கடியில் நிற்பவர்களுக்கும் இல்லை.

மத்தியானம், கூலிக்கு வந்திருந்த ஓர் அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே 'வாங்க சார், ரெண்டு வாய் சாப்பிடுங்க' என்றார். சோறும் கருவாட்டுக் குழம்பும். மறுக்கத் தோன்றவில்லை. கை கழுவியதும் நண்பர் ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். 'சோத்துக்கா காசு?' என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை.

திரும்பும் வழியெல்லாம் தர்க்கம். கூலிக்காரியின் சோற்றைச் சும்மா தின்பது சுரண்டல் என்றார் நண்பர். நான் என் உத்தியோகத்திலிருந்து பேசினேன். பாங்கில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன் நான். கொடுக்க வேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறது: கடன். என் கவுண்டரில் கடன் என்பது அடைபட்டு முடிய வேண்டியது. அசலும் வட்டியும் வந்ததும் வளையல் திரும்பிப் போகும். இரு தரப்புக்கும் அதோடு சரி. சோற்றுக் கடன் வேறு ஜாதி. முடியாமல் இருக்கும் வரைதான் அதற்கு உயிர். நண்பர் நீட்டிய நூறு ரூபாய், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்ற ரசீது. அந்த அம்மாள் மறுத்தது அந்த ரசீதைத்தான். பணம் கொடுப்பதால் ஒருவன் டூரிஸ்ட் ஆவதில்லை. கொடுத்ததோடு எல்லாம் தீர்ந்தது என்று நம்பும்போது ஆகிறான்.

சொல்லிவிட்டு ஜெயித்த மாதிரி இருந்தேன். ஊர் வந்ததும் ஜே. சி. குமரப்பா குறுக்கே வந்தார். 1940ல் தொடங்கிய கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960ல் மறைந்தவர். நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945ல் வெளிவந்த நூலில், இயற்கையைப் பார்த்து ஐந்து வகைப் பொருளாதாரங்களைப் பிரிக்கிறார். நடாமல், நீர் ஊற்றாமல், தோப்புக்குள் புகுந்து தின்றுபோகும் குரங்கு கீழிருந்து இரண்டாம் படியில்; கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை உச்சியில். நண்பரைக் குரங்காக்குவது சுலபம். என்னைத் தொந்தரவு செய்வது பறவை. கைம்மாறு கருதாதது கொடுப்பவளின் மேன்மை. வாங்கித் தின்பவன் அதையே தன் சௌகரியத்துக்குச் சித்தாந்தமாக்கிக்கொண்டால்? முடியவே முடியாத கடன் என்று சொல்லி, ஒரு பைசா கட்டத் தொடங்காமலே காலம் தள்ளிவிடலாம். என் வாதத்துக்குள் ஒளிந்திருந்த பித்தலாட்டம் அது.

இத்தாலிய வீட்டுச் சமையலுக்கு ஆதார நூலாகிவிட்ட புத்தகத்தை எழுதிய பெல்லெக்ரீனோ அர்த்தூசி, வியாபாரத்தில் சேர்த்த பணத்தோடு ஓய்ந்த பிரம்மச்சாரி. பதிப்பாளர் கிடைக்காமல் 1891ல் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சிட்டார். நமக்குப் பழக்கமான கணக்குதான். 475 குறிப்புகளோடு தொடங்கியது, வாசகர்களின் கடிதங்களும் சேர்ந்து, அவர் இறந்த 1911க்குள் 790 ஆயிற்று. அடுப்படியில் நின்று செய்து பார்த்தவர்கள் பிரான்செஸ்கோ ருஃபில்லி, மரியேத்தா சபதீனி என்ற அவர் வீட்டுப் பணியாளர்கள். அட்டையில் அர்த்தூசியின் பெயர்தான். ஆனால் நூலின் உரிமையை அவ்விருவருக்கும் உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போனார். இதனால் கடன் அடைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கடனை அவர் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்வது சின்ன விஷயமில்லை. பாங்கில், அடைபடாத கடனுக்கு மூன்று வருஷம் முடியுமுன் கடன்பட்டவரிடம் ஒரு கையெழுத்து வாங்குவோம்: இன்ன தொகை நான் தர வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன் என்று. வாங்கத் தவறினால் கடன் காலாவதியாகிவிடும். அந்தக் கையெழுத்தால் ஒரு பைசாவும் வசூலாவதில்லை. கணக்கு உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். சோற்றுக் கடனில் தீர்ப்பதற்கும் மறப்பதற்கும் நடுவே நமக்கு இருக்கிற வழி இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஒப்புக்கொள்வதற்கு முதலில் யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

அன்று இரவு இரண்டு கிலோ பழத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்தாள். சுருளிப்பட்டிக் கதையை, என் வாதம் உட்பட, விஸ்தாரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'அந்தப் பொம்பள பேரு என்னப்பா? உங்க ரெண்டு பேருக்கும் போட்டது போக அவளுக்கு மிச்சம் இருந்துச்சா?' என்றாள்.

இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. தட்டை எடுத்துவைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அம்மா அன்று சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் அதுவும் நினைவுக்கு வருகிறது.